மகன் பார்க்கும் அனிமே, கணவர் பெயரில் இணைய இணைப்பு

கேள்வி: கோவையிலிருந்து வந்து மூன்று ஆண்டுகளாக லெஸ்டரில் வசிக்கிறோம். என் 15 வயது மகனுக்கு ஜப்பானிய அனிமே என்றால் உயிர். ஊரில் இருந்தபோது யூடியூபில் மியூஸ் ஏஷியா சேனலில் இலவசமாகப் பார்த்தான். இங்கே அதே வீடியோக்கள் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வருகின்றன. இப்போது பெயர் தெரியாத ஒரு இலவசத் தளத்தில் பார்க்கிறான். இணைய இணைப்பு என் கணவர் பெயரில் இருக்கிறது. விசாவில் இருப்பதால் வழக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கோவையில் உள்ள என் தம்பியின் கிரஞ்சிரோல் (கட்டண அனிமே தளம்) கணக்கை, இந்தியாவில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கலாமா? ஆண்டுக்கு 60 பவுண்டுக்கு எல்லாம் வரும், டிவியில் செருகும் ஃபயர் ஸ்டிக் கருவி தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அதை வாங்கலாமா? சட்டப்படி பார்க்க என்னதான் வழி?

பதில்: ஊரில் ஓடிய சேனல் இங்கே ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. ஒரு அனிமே தொடரைப் பெரும்பாலும் பல ஜப்பானிய நிறுவனங்கள் கூட்டாகப் பணம் போட்டுத் தயாரிக்கின்றன. வெளிநாட்டு உரிமையை அவை நாடு நாடாகப் பிரித்து, இத்தனை ஆண்டுக்கு, இன்ன மொழிக்கு என்று விற்கின்றன. மியூஸ் ஏஷியா வாங்கியிருப்பது தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கான உரிமை. கோவையில் அந்த வீடியோ முழுக்கச் சட்டப்படியானது. லெஸ்டரில் அதைக் காட்ட அந்தச் சேனலுக்கு உரிமை இல்லை. ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ எடுத்த அனிமே படங்கள் 2020 பிப்ரவரியிலிருந்து பிரிட்டன் நெட்ஃபிளிக்ஸில் வருகின்றன. அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் கேட்க வேண்டியது, ‘இதன் பிரிட்டன் உரிமை யார் கையில் இருக்கிறது?’ என்பதுதான். (கீழே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் சில இடங்கள் மாறும்.)

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். ஸ்ட்ரீம் செய்யும்போது படத்தின் துண்டுகள் கணினியின் நினைவகத்தில் தற்காலிகமாகப் பதிகின்றன. 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அதுவும் ஒரு நகல்தான். அதே சட்டத்தின் 28ஏ பிரிவு தற்காலிக நகலுக்கு விலக்குத் தருகிறது. சாதாரணமாக இணையப் பக்கத்தைப் பார்ப்பதற்கு அந்த விலக்கு பொருந்தும் என்று 2013இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2014இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டன. ‘பார்ப்பது தப்பில்லை, டவுன்லோடு செய்வதுதான் தப்பு’ என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். ஆனால் 2017 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு வழக்கில், திருட்டு மூலம் என்று தெரிந்தே பார்ப்பவருக்கு அந்த விலக்கு கிடையாது என்றது. பிரெக்ஸிட்டுக்கு முன் வந்த தீர்ப்பு என்பதால் இங்கேயும் அது எடைபோடப்படும். ஆக, உங்கள் மகன் செய்வது பதிப்புரிமை மீறல்தான்.

இணையத்தில் எல்லோரும் காட்டிப் பயமுறுத்தும் ‘10 ஆண்டு சிறை’ வேறு விஷயம். 2017ஆம் ஆண்டின் டிஜிட்டல் பொருளாதாரச் சட்டம் இரண்டு ஆண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனையைப் பத்தாக உயர்த்தியது உண்மை. அது பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின் கீழ், லாபத்துக்காகவோ உரிமையாளருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தோ படத்தைப் பொதுமக்களுக்கு எட்டும்படி வைப்பவருக்கான தண்டனை. தளத்தை நடத்துபவர் அதில் மாட்டுவார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் பையன்மீது வரக்கூடியது சிவில் கோரிக்கை மட்டுமே. அதில் இழப்பீட்டைப் பொதுவாக முறைப்படி அனுமதி வாங்கியிருந்தால் என்ன கட்டணம் ஆகியிருக்கும் என்பதிலிருந்து கணக்கிடுவார்கள். ஒரு பார்வையாளர்மேல் அப்படி வழக்குப் போடுவது உரிமையாளருக்கே கட்டுப்படியாகாது. அதனால்தான் அவர்கள் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 97ஏ பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கி, இணைய நிறுவனங்களைக் கொண்டு தளத்தையே முடக்குகிறார்கள். 2011இல் பிரிட்டிஷ் டெலிகாமுக்கு எதிராகப் பிறப்பிக்கப்பட்ட ஆணையிலிருந்து இது நடக்கிறது.

ஆனால் ஒன்றை இன்றே பாருங்கள். மகன் பயன்படுத்துவது உலாவியில் ஓடும் தளமா, அல்லது தனியாக நிறுவிய செயலியா? ஸ்ட்ரீமிங் போலத் தெரியும் சில செயலிகள் உள்ளே டோரண்ட் முறையில் இயங்குகின்றன. 2015இல் உயர் நீதிமன்றம் முடக்கச் சொன்ன பாப்கார்ன் டைம் அப்படிப்பட்டதுதான். டோரண்டில் நீங்கள் இறக்கும்போதே அதே துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். பார்வையாளர் அங்கே விநியோகிப்பவராகிவிடுகிறார். உங்கள் ஐபி முகவரியும், அதாவது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணும், அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வீடுகளுக்கு வரும் வக்கீல் நோட்டீஸ்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகின்றன. அப்படிச் செயலி இருந்தால் நீக்கிவிடுங்கள்.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? நீதிமன்ற ஆணை இல்லாமல் இணைய நிறுவனம் சந்தாதாரரின் பெயரைத் தராது. ஆகவே ஆணையின் நகல், எந்தப் படம், எந்த நாள், எத்தனை மணி, எந்த ஐபி முகவரி, உரிமை அவர்களுடையது என்பதற்குச் சான்று ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். தொலைபேசியில் பேசி ஒப்புக்கொள்வதும், பயந்துபோய்க் கேட்ட தொகையைக் கட்டுவதும் பலர் செய்யும் தவறு. குப்பையில் போடுவது அதைவிட மோசம். வழக்குப் பதிவாகிப் பதில் போகாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பாகிவிடும். இணைப்பு கணவர் பெயரில் இருப்பதாலேயே அவர் பொறுப்பாளி ஆவதில்லை. மீறியவர் அல்லது மீற அனுமதி தந்தவர்தான் பொறுப்பு. அதற்காகப் பொய் சொல்லக் கூடாது. ‘எங்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மாட்டினால் நிலைமை கெட்டுவிடும். இத்தகைய சிறு வழக்குகள் அறிவுசார் சொத்து நிறுவன நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் பிரிவுக்குப் போகும். அங்கே உச்சவரம்பு 10,000 பவுண்டு. தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பெரும்பாலும் நம் தலையில் விழாது. சிவில் தீர்ப்பு குற்றத் தண்டனை ஆகாது. தொகையை ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிட்டால் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்தும் நீக்கச் சொல்லலாம். நோட்டீஸ் உண்மையாகவே வந்தால் முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாகக் கேளுங்கள்.

இலவசத் தளத்தை விடச் சொல்வதற்குப் பணம் சம்பந்தப்படாத ஒரு காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கொரோனர்ஸ் அண்ட் ஜஸ்டிஸ் சட்டம், 62ஆம் பிரிவின்படி, சிறுவர் உருவங்களைக் காட்டும் ஆபாசப் படங்களை வைத்திருப்பது குற்றம். அது வரைந்த படமாக இருந்தாலும் சரி. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. பிரிட்டனின் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் சான்றளித்த படங்களுக்கு விலக்கு உண்டு. திருட்டுத் தளத்தில் கிடப்பவற்றில் பலவற்றுக்கு அந்தச் சான்று இருக்காது. அங்கிருந்து எதையாவது இறக்கி வைத்தால், அது என்ன என்று யாரும் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை மகனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஃபயர் ஸ்டிக் விஷயத்துக்கு வருவோம். கருவி சட்டப்படியானது; கடையில் கிடைப்பது. அதில் திருட்டுச் செயலிகளை ஏற்றி விற்பதுதான் குற்றம். 2023 மே மாதத்தில் இப்படிப்பட்ட ஒரு சேவையை நடத்திய ஐந்து பேருக்கு மொத்தமாக 30 ஆண்டுக்கு மேல் சிறை கிடைத்தது; தலைவருக்கு மட்டும் 11 ஆண்டு. வாங்குபவருக்கு 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம், 11ஆம் பிரிவு இருக்கிறது: காசு கட்ட வேண்டிய சேவையை நேர்மையின்றிப் பெறுவது, அதிகபட்சம் 5 ஆண்டு. குற்றத் தண்டனை வந்தால் விசா, குடியுரிமைப் படிவங்களில் சொல்லியாக வேண்டும். சந்தாதாரர்களை வரிசையாக நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவரைப் பிடிக்கும்போது அவரிடமுள்ள வாடிக்கையாளர் பட்டியலும் போலீஸ் கைக்குப் போகிறது. அந்தச் சேவை ஒரு நாள் நின்றுபோனால் 60 பவுண்டைத் திருப்பிக் கேட்க வழியும் கிடையாது. தெரிந்தவர் என்பதால் மறுப்பது சங்கடம்தான், இருந்தாலும் வேண்டாம்.

தம்பி கணக்கைப் பொறுத்தவரை, விபிஎன் பயன்படுத்துவது பிரிட்டனில் குற்றமல்ல. சிக்கல் இரண்டு இடத்தில் வரும். அந்தக் கணக்கு அவர் சொந்த உபயோகத்துக்கு, இந்திய உரிமையின் கீழ் தரப்பட்டது. வெளியே கொடுத்தால் ஒப்பந்த மீறல். நிறுவனம் கணக்கை முடக்கலாம், நட்டம் தம்பிக்கு. இரண்டாவது, இந்தியாவுக்கான அனுமதியை வைத்துக்கொண்டு இங்கே பார்ப்பது அனுமதியுள்ள பயன்பாடு என்று வாதாடுவது கடினம். பொய் முகவரி கொடுத்து இந்திய விலையில் நீங்களே புதிய சந்தா எடுப்பது இன்னும் ஒரு படி மோசம். பொய்த் தகவல் தந்து ஆதாயம் பெறும் மோசடிப் பிரிவுக்குப் பக்கத்தில் போகிறீர்கள். கடவுச்சொல் பகிர்வதே திருட்டு என்று பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2022 டிசம்பரில் தன் வழிகாட்டியில் எழுதி, கூச்சல் எழுந்ததும் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. வாசகம்தான் போயிற்று, சட்டம் அப்படியே இருக்கிறது.

சட்டப்படி பார்க்க இப்படிச் செய்யுங்கள். மகனிடம் அடுத்த மூன்று மாதத்தில் பார்க்க விரும்பும் பத்துத் தொடர்களின் பட்டியலை வாங்குங்கள். எந்தத் தொடர் எந்தச் சேவையில் கிடைக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை ‘யுனைடெட் கிங்டம்’ என்று மாற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நாட்டைச் சரிபார்க்க மறந்தால் வேறு நாட்டுப் பட்டியலைப் பார்த்து ஏமாறுவீர்கள். சீசன் வாரியாகப் பாருங்கள். முதல் சீசன் ஒரு நிறுவனத்திடமும் இரண்டாவது இன்னொன்றிடமும் இருப்பது இந்தத் துறையில் சகஜம். ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே வரும் புதிய தொடர்களுக்குப் பெரும்பாலும் கிரஞ்சிரோல். அது போக நெட்ஃபிளிக்ஸ், டிஸ்னி பிளஸ், பிரைம் வீடியோ, ஹைடைவ். பத்தில் ஏழு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு மாதச் சந்தா எடுங்கள், பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம். உரிமைக் காலம் முடிந்தால் தொடர் நடுவிலேயே காணாமல் போகும். தமிழ்க் குரலும் தனி உரிமை என்பதால், பணம் கட்டுமுன் இங்கிருந்தபடியே அந்தத் தொடரின் ஆடியோ மொழிகளைப் பாருங்கள்.

கிரஞ்சிரோலைப் பிரைம் வீடியோவுக்குள் கூடுதல் சேனலாகவும் எடுக்கலாம். அப்படி எடுத்தால் உங்கள் ஒப்பந்தம் அமேசானோடு. அந்தச் சந்தாவை வைத்துக் கிரஞ்சிரோலின் சொந்தச் செயலியில் நுழைய முடியாது. நிறுத்துவதும் பணம் எடுத்த இடத்தில்தான்: ஆப்பிள், கூகுள், அமேசான், எது வழியாகக் கட்டினீர்களோ அங்கே. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. எதுவும் பலிக்காவிட்டால், மாதாமாதம் பணம் பிடிக்க நீங்கள் தந்த அனுமதியை ரத்து செய்யும்படி உங்கள் வங்கியிடமே சொல்லலாம். அவர்கள் நிறுத்தியாக வேண்டும். இணையத்தில் எடுத்த சந்தாவுக்கு 14 நாள் ரத்து உரிமை உண்டு என்பார்கள். ‘உடனே தொடங்கச் சம்மதிக்கிறேன், ரத்து உரிமையை இழப்பேன் என்று அறிவேன்’ என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தால், டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கு அது போய்விடும். டிக் செய்யுமுன் படியுங்கள்.

புதிதாக ஒரு தளம் சட்டப்படியானதா என்று சந்தேகம் வந்தால், அதன் அடியில் நிறுவனப் பெயர், தெரு முகவரி, மின்னஞ்சல் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 2002ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இவற்றைக் காட்டச் சொல்கின்றன. திருட்டுத் தளத்தில் பெரும்பாலும் தெரு முகவரி இருக்காது. அதிகாரப்பூர்வச் செயலிக் கடையில் கிடைக்கிறது என்பது மட்டும் போதிய சான்றல்ல.

எங்குமே கிடைக்காத தொடருக்கு டிஸ்க் ஒன்றே வழி. கிளாஸ்கோவின் அனிமே லிமிடெட் போன்ற நிறுவனங்கள் இங்கேயே வெளியிடுகின்றன. ஜப்பானிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வரவழைப்பதும் சட்டப்படியானதே. ஆனால் ஜப்பானின் ப்ளூ-ரே மண்டலம் ஏ, பிரிட்டனுடையது பி, இந்தியாவுடையது சி. மண்டலப் பூட்டுள்ள டிஸ்க் இங்குள்ள பிளேயரில் ஓடாது. வாங்கிய டிஸ்க்கைக் கணினியில் நகல் எடுத்து வைக்க 2014 அக்டோபரில் ஒரு விலக்கு வந்தது. 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கானாலும் நகல் எடுப்பது மீறல்தான். கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, டிவி லைசென்ஸ். நெட்ஃபிளிக்ஸிலும் கிரஞ்சிரோலிலும் வேண்டியபோது போட்டுப் பார்க்கும் தொடர்களுக்கு அது தேவையில்லை. நேரலையாக எந்தச் சேனலைப் பார்த்தாலும், எந்தக் கருவியில் பார்த்தாலும் தேவை. பிபிசி ஐபிளேயருக்கும் தேவை. கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆனது. இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை. மகனின் அனிமேக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, மாலையில் இணையம் வழியாகத் தமிழ்ச் சேனலை நேரலையில் போட்டீர்கள் என்றால், அந்த வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டும்.