ஆறு வயதுப் பிள்ளைக்கு அரபி: டேப்லெட் போதுமா?

தம்பி, ஏப்ரலில் குடும்பத்தைத் துபாய்க்கு அழைத்து வருவதாகவும், மகள் ஒன்றாம் வகுப்பு சேரப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வீட்டில் யாருக்கும் அரபி தெரியாது, டேப்லெட்டில் ஆப் போட்டுக் கொடுத்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி. போட்டுக் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

இங்கே தனியார் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கட்டாயம். வெளியே வந்தால் அந்த மொழி அவ்வளவாகக் காதில் விழாது. எங்கள் தெரு பக்காலா (மளிகைக் கடை) வைத்திருப்பவர் மலையாளி, டாக்சியில் ஏறினால் உருது. இந்தியும் ஆங்கிலமும் வைத்தே 17 வருடம் ஓட்டிவிட்டேன். அதனால் பிள்ளைக்கு அரபி ஒலி கிடைப்பது வகுப்பிலும் திரையிலும்தான்.

என் மகன் படத்தைத் தொடும் விளையாட்டில் நட்சத்திரமாகக் குவித்தான். ஒருநாள் நிஜ ஆப்பிளைக் காட்டி இது என்ன என்றேன். முழித்தான்! படங்கள் ஒரே வரிசையில் வருவதைக் கண்டுபிடித்து, சத்தத்தைக் கேட்காமலே தொட்டிருக்கிறான் பயல். அதற்கப்புறம் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். 'துஃப்பாஹா' என்று கேட்டால் ஆப்பிளை எடுத்து வரவேண்டும், 'தல்லாஜா' என்றால் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் தொடவேண்டும். நாளுக்கு ஐந்து சொல், பத்து நிமிடம், அவ்வளவுதான்.

சொற்களைத் தமிழில் எழுதி மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 'கல்ப்' என்று நாம் எழுதுவது அரபியில் இரண்டு சொல். அடித்தொண்டையிலிருந்து வரும் 'க' என்றால் இதயம், சாதாரண 'க' என்றால் நாய். அரபி மிஸ்ஸிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் குரலாக வாங்கிக்கொள்ளுங்கள். மகள் சொல்வதையும் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். என் மகன் நாலே நாளில் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டான், எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.

ஆப்பில் வருவது பெரும்பாலும் ஏட்டு அரபி. 'எப்படி இருக்கிறாய்' என்பதற்கு அதில் 'கைஃப ஹாலுக' என்று இருக்கும், இங்கே மக்கள் 'ஷ்லோனக்' என்பார்கள். பள்ளிக்கு ஏட்டு அரபிதான் வேண்டும், குழம்ப வேண்டாம்.

வருவதற்கு முன் ஒரே ஒரு சொல் சொல்லிக்கொடுங்கள். அரபி வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'ஹாளிரா' என்று சொல்லவேண்டும், பையன் என்றால் 'ஹாளிர்'. நம் ஊர் கோர்ட்டில் 'ஆஜர்' என்கிறார்களே, அதே சொல்தான்.