நாய்களை ஊரைவிட்டு அகற்றினால் வெறிநோய் அகலுமா?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினர். சென்ற மாதம் ஒரு நாய் ஒரே காலையில் ஆறு பேரையும் ஒரு கறவைப் பசுவையும் கடித்தது. அன்றே அதை அடித்துக் கொன்று புதைத்துவிட்டார்கள். கடிபட்டவர்களில் இருவர் ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சென்ற வாரம் அந்தப் பசு எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இறந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று நினைத்து உரிமையாளர் அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். அதன் பாலைக் காய்ச்சிக் குடித்த வீடுகளிலும் பயம் இருக்கிறது. எல்லா நாய்களையும் பிடித்து வெளியே கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். ஒரு பேரூராட்சியால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

பதில்: நாய்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஊசியை நிறுத்திய இருவரையும் பசுவின் உரிமையாளரையும் இன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள். கடித்த நாய் உயிரோடு இருந்திருந்தால் அதைப் பத்து நாள் கவனித்துப் பார்த்து மருத்துவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். இப்போது நாயும் இல்லை, அது கடித்த பசுவும் இத்தகைய அறிகுறிகளோடு இறந்திருக்கிறது. ஆகவே அது வெறிநாய்தான் என்று கொண்டே செயல்பட வேண்டும். இந்தக் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல நகர்வது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களிலும், சிலருக்கு ஒரே வாரத்திலும், அரிதாக ஓராண்டு கழிந்தும் நோய் வெளிப்படும். வெளிப்பட்டபின் காப்பாற்றும் மருந்து இல்லை என்பதால், கடிபட்டு ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று கைவிட்டுவிடக் கூடாது. மீதி ஊசிகளை எப்படித் தொடர்வது என்பதை மருத்துவர் சொல்வார். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடப்படும் ஊசி முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை, இரண்டு கைகளிலும் போடப்படுகிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் பலரை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. அந்த மருந்து இந்தியாவில் நிறுத்தப்பட்டு இருபது ஆண்டுகளாகிவிட்டன.

பசுவின் உரிமையாளருடைய கையில் கீறலோ வெடிப்போ இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால், அது ஆழமான கடிக்குச் சமமான மூன்றாம் வகைக் காயம். அவருக்குத் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படலாம். தடுப்பூசி எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை காப்பது இந்த மருந்துதான் என்பதால், அதை முதல் ஊசியன்றே கேட்டுப் பெற வேண்டும். முதல் ஊசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் அதனால் பயனில்லை. மாடு விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகவிட்டால் வெறுங்கையை வாய்க்குள் விடவே கூடாது என்பதை ஒவ்வொரு பால் சங்கத்திலும் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஆபத்தில்லை, ஊசியும் வேண்டாம். நாய் கடித்த மற்றக் கால்நடைகள் இருந்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அவற்றுக்கும் கடிபட்டபின் போடும் ஊசித் தொடர் உண்டு. மனிதர்களின் காயத்துக்கும் இந்தக் கழுவுதல்தான் முதல் மருந்து. மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் காயத்தைக் கெடுக்கும்.

அந்த நாயைப் புதைத்ததோடு ஒரு சான்றும் போய்விட்டது. வெறிநோயை உறுதி செய்வது மூளைத் திசுவில் செய்யும் சோதனைதான். தலையில் அடித்துக் கொன்றால் அதுவும் கெட்டுவிடும். இனி இப்படி ஒரு நாய் இறந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை உதவி மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் மாதிரி எடுத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார். நோய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல் எந்தத் திட்டமும் சரியாக நடக்காது.

இனி உங்கள் மக்களின் கோரிக்கைக்கு வருகிறேன். இந்தோனேசியாவில் புளோரஸ் என்றொரு தீவு இருக்கிறது. 1997 வரை அங்கே வெறிநோயே இல்லை. அந்த ஆண்டு பூட்டோன் தீவிலிருந்து மீன்பிடிப் படகில் வந்த மூன்று நாய்களால் லாரந்துக்கா துறைமுகத்தில் நோய் இறங்கியது. அதிகாரிகள் நாய்களைக் கொன்று நோயை முடிக்க நினைத்து, நோய் புகுந்த மாவட்டங்களில் 1998இல் ஏறத்தாழ 70 சதவீத நாய்களைக் கொன்றார்கள். நோய் போகவில்லை. காலியான இடத்துக்குப் புது நாய்கள் வந்தன. தம் நாயைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோக, நோயும் கூடவே போனது. நாய்களைப் பிடித்து வேறிடத்தில் விடுவதிலும் இதே கேடுதான் நேரும்: உங்கள் ஊரில் இப்போது நோயை உள்ளே வைத்திருக்கும் நாய் ஒன்றிருந்தால், அதை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புகிறீர்கள். சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தனி உத்தரவு இட்டிருக்கிறது, அதைச் செயல் அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

நோய்ச் சங்கிலியை அறுப்பது தடுப்பூசி. ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது என்பதால் இந்தச் சங்கிலி நாம் பயப்படும் அளவுக்கு வலுவானதன்று. பத்து நாய்களில் ஏழுக்கு ஊசி போட்டுவிட்டால் அது அறுந்துவிடும். பாதிக்குப் போட்டாலே போதாதா என்று கேட்கலாம். நாயின் ஆயுள் குறைவு, ஊசி போட்டவை இறந்தும் போடாத குட்டிகள் பிறந்தும் ஆண்டு முழுவதும் அந்த விகிதம் இறங்கிக்கொண்டே வருவதால்தான் 70இல் தொடங்க வேண்டியிருக்கிறது, அதையும் ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. கோவாவில் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் சென்று, பிடிபடாத நாயை வலையில் பிடித்து ஊசி போட்டு அங்கேயே விட்டார்கள். 2018இலும் 2019இலும் அங்கே ஒருவர்கூட வெறிநோயால் இறக்கவில்லை. கருத்தடையும் வேண்டியதுதான், ஆனால் அது மெதுவாக நடப்பது. அறுவைச் சிகிச்சைக்கு இடமும் மருத்துவரும் கிடைக்கும்வரை ஊசியைத் தள்ளிப்போடும் பேரூராட்சிகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

நடைமுறையில், ஒரு வார்டுக்கு ஒரு நாள் என வைத்துக்கொள்ளுங்கள். தெருநாய் என்று நாம் சொல்பவற்றில் பல ஏதோ ஒரு வீட்டு வாசலில் சாப்பிடுபவை. சோறு வைப்பவர் கூப்பிட்டால் வரும், பிடித்தும் கொடுப்பார். ஆகவே முதல் நாள் மாலையே அவர்களைக் கண்டுபேசுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், வெயிலில் பையில் கிடந்த மருந்து போட்டும் போடாததும் ஒன்றே. ஊசி போட்ட நாயின் முதுகில் சாயக் குறி இடுங்கள். மறுநாள் விடிந்ததும் அதே தெருக்களில் நடந்து, கண்ணில் படும் நாய்களில் எத்தனைக்குக் குறி இருக்கிறது என்று எண்ணுங்கள். பத்தில் ஏழு இல்லாத வார்டுக்கு அன்றே திரும்பிப் போக வேண்டும். எத்தனை ஊசி செலவானது என்ற கணக்கைவிட இந்த எண்ணிக்கைதான் உண்மையைச் சொல்லும்.

ஆனால் உங்கள் ஊர் மட்டும் செய்தால் போதாது. வெறிநாய் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே திரிந்தாலும், சில நாய்கள் 10 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். சாக்கில் கட்டி உறவினர் ஊருக்குக் கொடுக்கப்படும் குட்டி அதைவிடத் தூரம் போகும். எனவே சுற்றியுள்ள ஊராட்சிகளும் அதே வாரங்களில் செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடமும் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநரிடமும் எழுத்தில் கேளுங்கள்; எல்லைக்கு அப்பாலுள்ள கேரளப் பஞ்சாயத்துகளுக்கும் அவர்கள் வழியாகவே தேதியைத் தெரிவியுங்கள். விண்ணப்பத்தில் கடிபட்ட ஆறு பேர், இறந்த பசு, கடி நடந்த தெருக்கள் ஆகிய விவரங்களைத் தேதியோடு இணையுங்கள். எங்கே முதலில் தொடங்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அவர்களால் முடிவு செய்ய முடியும்.