அம்மா அனுப்பும் விதைக்கு பர்மிட் வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா முருங்கை, தண்டுக்கீரை, சுண்டைக்காய் விதைகளைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் “கஸ்டம்ஸ் தொல்லை இல்லாமல்” 40 டாலருக்குத் தருகிறாராம். எது நல்லது?

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் ஆளை பிளாக் செய்யுங்கள். தொல்லை இல்லாமல் என்றால் வேறொன்றும் இல்லை, கவருக்கு மேலே வளையல் என்று எழுதி உள்ளே விதையைச் சொருகுவதுதான். 2020 கோடையில் அமெரிக்க வீடுகளுக்கு யாரும் கேட்காமலே வந்த மர்ம விதைப் பொட்டலங்கள் பலவற்றிலும் நகை என்றுதான் எழுதியிருந்தது. பார்சல் பிடிபட்டால் பெறுநர் இடத்தில் இருப்பது உங்கள் பெயர், அவர் பெயர் இல்லை.

பர்மிட் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் ‘ஸ்மால் லாட்ஸ் ஆஃப் சீட்’ (சிறு அளவு விதை) பர்மிட் இலவசம். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இது இருந்தால் இந்தியாவில் ஃபைட்டோசானிட்டரி சான்றிதழுக்கு (விதையில் நோயோ பூச்சியோ இல்லை என்று அரசு தருவது) அம்மா அலைய வேண்டாம்.

அளவில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஒரு பொட்டலத்தில் ஒரே வகை. 50 விதை வரை அல்லது 10 கிராம் வரை. முருங்கை பெரிய விதை, 50 எண்ணிப் போடச் சொல்லுங்கள். தண்டுக்கீரையை எண்ண உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். 10 கிராம் நிறுத்துப் போட்டால் போதும், அதிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு பார்சலில் 50 பொட்டலம் வரை. ஒவ்வொன்றிலும் தாவரவியல் பெயர், அனுப்புபவர் பெயர், நாடு எழுத வேண்டும். கொத்தமல்லி விதை சாம்பாருக்கென்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அதையே தொட்டிக்கென்று ஒரு பிடி அனுப்பினால் லத்தீன் பெயர் கேட்கிறார்கள். என்ன செய்வது, எழுதித்தான் ஆக வேண்டும்.

சுண்டைக்காயை விட்டுவிடுங்கள். அது அமெரிக்க மத்திய அரசின் களைப் பட்டியலில் இருக்கிறது, இந்த பர்மிட் செல்லாது. வத்தல் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

இந்த பர்மிட்டுக்கென்று பச்சை-மஞ்சள் லேபிள் உண்டு. அம்மா அதைத்தான் கவரில் ஒட்ட வேண்டும். பார்சல் அதில் முகவரி உள்ள அமெரிக்கச் சோதனை நிலையத்துக்குப் போய், பார்த்த பிறகே உங்களிடம் வரும். அப்புறம், ஊர் வழக்கப்படி சாம்பலில் புரட்டியோ செம்மண் கட்டியோ வைத்த விதை வேண்டாம் என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.