ஜப்பானியப் பள்ளிகளின் ‘பாட ஆய்வு’ என்பது என்ன? அதில் தலைமையாசிரியருக்கு என்ன வேலை?

ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் வகுப்பெடுப்பார், மற்றவர்கள் பெஞ்சுக்குப் பெஞ்சு நின்று பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பார்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளை எப்படி யோசித்திருக்கும்? அப்புறம் உட்கார்ந்து அதைப் பேசுவார்கள். ஜப்பானில் மெய்ஜி பேரரசர் காலத்திலேயே (1868–1912) தொடங்கிய வழக்கம் இது.

ஏன் இப்படி? கற்பித்தல் பற்றிய ஆய்வு முடிவுகளைச் சுற்றறிக்கையாக அனுப்பினால் ஃபைலில் தூங்கும். வகுப்பில் செய்து பார்த்தால்தான் பிடிபடும். பாகுப் பதத்தைப் புத்தகத்தில் படித்தா கற்றுக்கொள்கிறோம்?

தலைமையாசிரியர் தர வேண்டியது முக்கியமாக நேரம். எல்லா ஆசிரியர்களும் வந்து பார்க்க, அந்தப் பாடம் நடக்கும் அன்று மற்ற வகுப்புகளைச் சீக்கிரம் விட்டுவிடுவதுண்டு. கருத்துச் சொல்லப் பல்கலைக்கழகப் பேராசிரியரையோ அனுபவமுள்ள ஆசிரியரையோ அழைப்பதுமுண்டு.

பலர் இதை இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைக்கிறார்கள். வகுப்பெடுத்தவருக்கு இங்கே யாரும் மார்க் போடுவதில்லை, அலசப்படுவது எல்லோரும் சேர்ந்து போட்ட பாடத் திட்டம்தான்.