தினையில் பூசண வாடை: காயவைத்துப் போடலாமா?

கேள்வி: வீட்டில் இரண்டு ஜோடி பட்ஜி (சின்னக் கிளி வகை) வளர்க்கிறோம். மொத்தமாக வாங்கி வைத்திருந்த தினைப் பையில் அடிப்பக்கம் கொஞ்சம் கட்டி தட்டி, பூசண வாடை அடித்தது. கட்டியை எடுத்துவிட்டு, மீதியைச் சலித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தேன். இப்போது வாடையே இல்லை. பத்து நாளாக அதைத்தான் போடுகிறேன். மூன்று நாளாக ஒரு ஆண் பறவை மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. தீனிதான் காரணமா? பாதிப் பைக்கு மேல் மீதம் இருக்கிறது, கொட்ட மனசு வரவில்லை.

பதில்: முதலில் கிண்ணத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டு, அந்தப் பையையும் இறுகக் கட்டி வெளியே வைத்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். உங்கள் பறவையின் சோர்வுக்குத் தீனிதான் காரணம் என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது, பட்ஜி சிலிர்த்துக்கொண்டு உட்கார வேறு பல நோய்களும் காரணமாக இருக்கலாம். ஆனால் பூசண வாடை அடித்த தினையைப் பத்து நாள் தின்ற பறவை என்று தெரிந்த பிறகு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, இன்றைக்கே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட பறவையைத்தான் வேட்டையாடும் மிருகம் முதலில் பிடிக்கும், அதனால் கூண்டில் பிறந்த பட்ஜிகூட முடிந்த மட்டும் மறைக்கும்; நம் கண்ணுக்கு மூன்று நாளாகத் தெரிகிறது என்றால் அதற்கு உடம்பு சரியில்லாமல் அதைவிடக் கூடுதல் நாள் ஆகியிருக்கும்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். வெயில் தானியத்திலுள்ள ஈரத்தை எடுக்கும், வாடையைப் போக்கும், பூசணம் மேற்கொண்டு வளராமல் நிறுத்தும். அது வளர்ந்தபோது தானியத்துக்குள் விட்டுப்போன நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். அதில் பேர்போனது அஃப்ளாடாக்சின், அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்குவது. அடுப்பில் வேகவைத்தாலே முழுசாக அழியாத நஞ்சு அது, இரண்டு நாள் வெயிலுக்கு எங்கே போகும்? சலிப்பதாலும் பயனில்லை, ஏனென்றால் கட்டி தட்டிய இடத்தில் மட்டும் நஞ்சு நிற்கும் என்று கிடையாது, பார்க்கப் பளிச்சென்று இருக்கும் தினையிலும் இருக்கலாம். சொல்லப்போனால் நீங்கள் காயவைத்ததில் ஒரு கெடுதல்தான் நடந்தது, எச்சரிக்கை செய்த அந்த வாடை போய்விட்டது.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே பறவைகளால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன, என்ன நோய் என்றே புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள், கடைசியில் தீனியில் கலந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் கொண்டுபோய் விட்டது. முதலில் அடிபடுவது கல்லீரல். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே நாளில் சாகடிக்கும் அளவு தீனியில் இல்லாவிட்டாலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் சேதம் சேர்ந்துகொண்டே போகும். இதற்கென்று தனி முறிவு மருந்தும் கிடையாது, கல்லீரல் தேறுவதற்குத் துணையான சிகிச்சைதான்.

தின்பதால் வரும் கெடுதல் இது. மூச்சில் போவது வேறு கதை. பூசணத் தூளைப் பறவை இழுத்தால் அது நுரையீரலோடு நிற்காமல் உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகள் வரை போய் அங்கேயே வளரத் தொடங்கலாம், அஸ்பெர்ஜில்லோசிஸ் என்பார்கள். மருந்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

போகும்போது அந்தத் தினையில் ஒரு கைப்பிடியைச் சின்னக் கவரில் கட்டி எடுத்துப் போங்கள், கூண்டின் அடியில் விரித்த காகிதத்தையும் எச்சத்தோடு அப்படியே. நீங்களாக எந்தப் பூஞ்சை மருந்தையும் தண்ணீரில் கலந்து வைக்க வேண்டாம். கிளம்பும் வரை பறவையைக் காற்று வீசாத, கதகதப்பான இடத்தில் வையுங்கள். மற்ற மூன்றையும் தினம் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். 35 கிராம் பறவைக்கு மூன்று நான்கு கிராம் குறைவதே பெரிய இழப்பு, இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு அது தெரியாது.

'நான் டப்பாவில்தானே வைக்கிறேன்' என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நானும் அப்படிச் சொன்னவன்தான். தீனி குறையக் குறைய மேலேயே புதிதைக் கொட்டிவந்தேன். ஒருநாள் கழுவலாம் என்று கவிழ்த்தால், மேலே இருந்தது பொலபொலவென்று கொட்டியது, அடியில் இருந்தது டப்பா வடிவத்திலேயே இட்லி மாதிரி ஒரு கட்டியாக விழுந்தது, ஓரமெல்லாம் பச்சையும் சாம்பலும். எத்தனை மாதம் கிடந்ததோ. அதற்கப்புறம் டப்பா முழுசாகக் காலியாகி, கழுவி, ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த தீனி. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வாங்குவதும் இல்லை. மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிக்கும் காசை மருத்துவர் ஒரே தடவையில் வாங்கிவிடுவார்.

ஊறவைத்த, முளைகட்டிய தானியம் கொடுப்பவர் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். ஓட்டோடு கடலை கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன், ஓட்டுக்குள் பூத்திருந்தால் யாருக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் பாதிப் பை. வீணாகிறதே என்று மாடியில் வரும் குருவிக்கோ பக்கத்து வீட்டுக் கோழிக்கோ போட்டுவிடாதீர்கள், அவற்றுக்கும் அதே கல்லீரல்தான். மூக்கை மூடிக்கொண்டு, தூள் பறக்காமல் பையோடு குப்பையில் போடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள்.