மகள் அரசியலுக்குப் போகட்டும், கம்பஸையும் விடவேண்டாம்

அன்பின் அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கலைப் பீடம் கிடைத்திருக்கிறது. அவளோ, இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருந்த தலித் தலைவி மாயாவதியைக் காட்டி, "மாயாவதி மாதிரி வரப்போறன்" என்று சொல்லி, படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாகக் கட்சி வேலைக்குப் போக நிற்கிறாள். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் பெயர் போடுவதாக ஊரில் ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். "கோயில் திருவிழாவிலயே எங்கட ஆக்களைப் பின்னுக்கு நிக்க வைக்கிற ஊர் இது, இவளை ஆர் கதிரையில இருத்தப்போறாங்க?" என்று நீங்கள் எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் ஆசையில் பிழையில்லை, அதைத் தடுக்கவேண்டாம். கம்பஸை விடுவதுதான் பிழை. இதை அவள் என் வாயால் கேட்பதைவிட மாயாவதியின் கதையில் கேட்பது நல்லது. அவளையும் பக்கத்தில் இருத்தி மிச்சத்தை வாசியுங்கள்.

மாயாவதி 1956இல் டில்லியில் பிறந்தவர். அப்பா தபால் திணைக்களத்தில் வேலை செய்தவர். அரசியலில் சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை. 1975இல் பட்டம் எடுத்தார், அடுத்த வருடம் ஆசிரியர் பயிற்சிப் பட்டம். பிறகு டில்லியில் ஏழைகள் வாழும் குடியிருப்பு ஒன்றில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்துகொண்டே இந்திய ஆட்சிப் பணிப் பரீட்சைக்குப் படித்தார். 1977இல் ஓர் இரவு, பிற்பாடு பகுஜன் சமாஜ் கட்சியைத் தொடங்கிய தலைவர் கன்ஷிராம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கலெக்டராக ஏன் ஆசைப்படுகிறாய், கலெக்டர்கள் வரிசையில் நின்று உன் உத்தரவைக் கேட்கும் அளவுக்கு உன்னைத் தலைவியாக்குகிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். உங்கள் மகளைப் பிடித்தது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். இளம் பிள்ளையின் மனதைப் பிடிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த இரவுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பரீட்சைக் கனவை விட்டாரே தவிர, 1984இல் பகுஜன் சமாஜ் கட்சி தொடங்கும் காலம்வரை ரீச்சர் வேலையை அவர் விடவில்லை. 1983இல் சட்டப் பட்டத்தையும் முடித்தார். அரசியல் வேண்டாம் என்று அப்பா மறித்தபோது, ரீச்சர் சம்பளத்தில் சேர்த்து வைத்த காசோடுதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டார். கையில் சொந்தக் காசு இருந்தபடியால்தான் யாருடைய தயவிலும் இருக்காமல் அந்த முடிவை எடுக்க முடிந்தது. மகள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கவேண்டும்.

கன்ஷிராமும் வெறும் கையோடு வரவில்லை. ஒடுக்கப்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த அரச ஊழியர்களை வைத்து பாம்செஃப் என்ற அமைப்பை அவர் முதலே கட்டத் தொடங்கியிருந்தார். கட்சிக்குக் காசும் ஆளும் தந்தது மாதச் சம்பளம் எடுத்த அந்தப் படித்த கூட்டம். 1983இல் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ப் பிரசாரம் செய்தார்கள். மாயாவதியும் அந்த உழைப்புக்குள் வளர்ந்தவர்தான்.

அவருடைய தோல்விகளையும் மகளுக்குச் சொல்லுங்கள். 1984இல் கைரானாவில் தோல்வி, 1985இல் பிஜ்னோர் இடைத்தேர்தலில் தோல்வி, 1987இல் ஹரித்துவாரிலும் தோல்வி. ஒவ்வொரு தடவையும் வாக்கு மட்டும் ஏறிக்கொண்டு வந்தது. 1989இல்தான் பிஜ்னோரில் வென்று பாராளுமன்றம் போனார். 1995 ஜூன் 2ஆம் திகதி லக்னோவில் அரசு விருந்தினர் மாளிகையில், அதுவரை கூட்டணியில் இருந்த கட்சியின் ஆட்களே சூழ்ந்து தாக்க, அறைக்குள் பூட்டிக்கொண்டு தப்பினார். அடுத்த நாள் 39 வயதில் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சர். தலித் பெண் ஒருவர் ஒரு மாநிலத்துக்கு முதலமைச்சரானது இந்தியாவில் அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு 1997இலும் 2002இலும் முதல்வரானார். 2007இல் 403 ஆசனங்களில் 206ஐத் தனியாக வென்று ஐந்து வருட ஆட்சியை முழுதாக நடத்தினார். தலித் மக்கள் கூடுதலாக வாழும் கிராமங்களுக்கு ரோட்டு, வீடு, குடிநீர் முதலில் போகவேண்டும் என்ற அம்பேத்கர் கிராமத் திட்டத்தை முடுக்கிவிட்டவர் அவர்.

இறக்கமும் வந்தது. 2012இல் ஆட்சி போனது. 2022 சட்டமன்றத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆசனம். பூங்காக்களில் தலைவர்களின் சிலைகளோடு தன் சிலையையும் நிறுத்தியதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது. எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்திருந்ததால் அடுத்த வரிசைத் தலைவர்கள் வளரவில்லை என்பது என் அபிப்பிராயம். மகள் அவரை விரும்பட்டும், ஆனால் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு விரும்பட்டும்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். பிஜ்னோர் அப்போது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதி. இலங்கையில் அப்படிச் சாதிக்கு ஒதுக்கீடு கிடையாது. எங்களுக்கு இருப்பது பெண்களுக்கான ஒதுக்கீடு. 2017இல் திருத்திய சட்டப்படி உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். அதற்கு முதல் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் தோட்டத்திலும் வீட்டிலும் நின்ற பெண்கள் சபைக்குள் போக இந்தச் சட்டம்தான் வழி திறந்தது.

அதே சட்டத்தால் ஒரு கெடுதியும் உண்டு. வேட்புமனு நேரத்தில் பெண் பெயர் குறைகிறது என்று கட்சிக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். பெயர் அவர்களுக்கு வேண்டும், ஆள் வேண்டாம். மகளிடம் வந்தவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆகவே அவரிடம் நேராகக் கேளுங்கள்: வட்டாரத்தில் நேரடியாக நிறுத்துவீர்களா, கட்சிக்கு வாக்கு விகிதத்தில் வரும் ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியலில் போடுவீர்களா? பட்டியல் என்றால், கட்சிக்கு ஆசனம் கிடைத்ததும் என் மகளின் பெயரைத்தான் அனுப்புவீர்கள் என்பதற்கு என்ன பிடிமானம்? தேர்தல் செலவு யாருடையது? சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் விளங்கிக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கும் மகளுக்குச் சாதகம்தான். கடைசி உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. சபையின் ஆயுள் நான்கு வருடம். இப்போது கம்பஸ் போனால் அடுத்த தேர்தல் சூடு பிடிக்கும்போது பட்டம் கையிலோ கைக்கெட்டும் தூரத்திலோ இருக்கும். ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்கவேண்டும் என்ற நிலைமையே இல்லை.

எங்கட கரையிலும் ஒரு பெண் பாராளுமன்றம் போயிருக்கிறார். பொத்துவில் தொகுதி உறுப்பினர் கனகரத்தினம் 1980இல் இறந்தபின் அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் அந்த இடத்துக்கு வந்தார். அவருக்குக் குடும்பத்தின் பெயர் துணை நின்றது. உங்கள் மகளுக்கு அந்தத் துணை இல்லை. அதனால்தான் படிப்பும் தொழிலும் அவளுக்கு மற்றவர்களைவிடக் கூடத் தேவை.

கம்பஸில் அரசியல் விஞ்ஞானம் அல்லது பொருளியல் எடுக்க வாய்ப்பிருந்தால் எடுக்கட்டும். சட்டத்தில் விருப்பம் இருந்தால் பட்டத்துக்குப் பிறகு திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் இருக்கிறது. அரசியல் செய்யும் பெண்ணுக்குச் சட்டம் நல்ல தொழில் என்பேன்: தன் நேரம் தன் கையில், சனத்தின் பிரச்சினையும் வீடு தேடி வரும். நிர்வாக சேவைக்குப் போனால் அந்தப் பதவியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு தெரிவு செய்யட்டும். சிங்களத்தையும் இந்த நான்கு வருடத்துக்குள் படித்துவிடட்டும். கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையை மற்றவர் வாசித்துச் சொல்லும்வரை காத்திருக்கும் உறுப்பினரால் சபையில் வாய் திறக்க ஏலாது.

லீவு நாட்களில் ஊர் வேலையைத் தொடங்கலாம். மாதர் அபிவிருத்திச் சங்கத்தில் சேர்ந்து கூட்ட அறிக்கை எழுதப் பழகட்டும். பிரதேச சபையின் மாதக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்கட்டும். உங்கள் ஒழுங்கையில் லைட் எரிவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதையே முதல் வேலையாக எடுக்கச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, போன வருடம் தெருவிளக்குக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எந்தெந்த ஒழுங்கைக்குப் போட்டீர்கள் என்று சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கதைக்கும்போது, "நீ ஆர்ர பிள்ளை?" என்று கேட்கிறவர்களும் கணக்குக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, அம்மா. மேடையேறும் பெண்ணைப் பற்றி ஊர் கதைக்கும், பேஸ்புக்கில் படத்தைப் போட்டுக் கண்டபடி எழுதுவார்கள், சாதியையும் இழுப்பார்கள். அப்படி வந்தால் பதிவை அழிப்பதற்கு முன்னம் படம் பிடித்து வைத்துப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். இரவுக் கூட்டத்துக்குத் தனியே அனுப்பவேண்டாம், நீங்களோ தம்பியோ கூடப் போங்கள். மாயாவதி வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. உங்கள் மகளுக்கு அப்படி ஒரு நிலைமை வரவே கூடாது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போதைக்கு அவசரம் கம்பஸ் பதிவு. கம்பஸிலிருந்து வந்த கடிதத்தில் உள்ள கடைசித் திகதியைப் பாருங்கள், பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். காசுக்குக் கஷ்டம் என்றால் மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பதிவு முடிந்த பிறகு அந்தக் கட்சிக்காரரை வீட்டுக்கு அழைத்து, மகளையும் வைத்துக்கொண்டே கதையுங்கள்.