ஊரே சேர்ந்து வைத்தியச் செலவைச் சமாளிக்க முடியுமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. எங்கள் மகளிர் குழுக்கள் சேர்ந்து ஒரு மருத்துவ நிதி தொடங்குகின்றன. வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் படுத்தால் 25,000 ரூபாய் வரை தருவார்களாம். இதுவரை 140 வீடுகள் சேர்ந்திருக்கின்றன. முதல்வர் காப்பீட்டு அட்டையும் எங்களிடம் இருக்கிறது. நாங்களும் சேரலாமா?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 140 வீடுகள் என்றால் கையில் 1,40,000 ரூபாய். ஆறு பேர் முழுத் தொகையைக் கேட்டால் 1,50,000. ஏழாவது ஆள் வரும் முன்பே பெட்டி காலி! ஒரு மழைக்காலக் காய்ச்சலுக்கே ஆறு பேர் படுத்துவிடுவார்கள். உங்கள் குழுவினரின் மனசில் குறையில்லை, 25,000 என்ற எண்ணில்தான் குறை.

அடுத்து, யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ள வீடுகள் முதல் நாளே பெயர் கொடுக்கும். திடகாத்திரமான இளவட்டங்கள் ‘எங்களுக்கு என்ன வரப்போகிறது’ என்று ஒதுங்கிவிடுவார்கள். ஏழை நாடுகளில் விருப்பப்பட்டவர் சேரலாம் என்று தொடங்கிய பல திட்டங்கள் இப்படித்தான் ஆள் சேராமல் திணறின. ருவாண்டா இதிலிருந்து தப்பியது. அங்கே காப்பீட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கினார்கள், பரம ஏழைகளின் பங்கை அரசும் கொடையாளர்களும் கட்டினார்கள். நம் பக்கத்தில் கர்நாடகத்தின் யஷஸ்வினி திட்டம் 2003-இல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடம் ஆண்டுக்கு வெறும் 60 ரூபாய் வாங்கி அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது. அதற்கும் அரசு கைகொடுக்க வேண்டியிருந்தது. 2018-இல் நின்றுபோய், 2022-இல்தான் மறுபடி வந்தது. நீலகிரியில் உள்ள கூடலூரில் பழங்குடியினர் 1992 முதல் நடத்திய காப்பீடு பேர் வாங்கியதற்குக் காரணம், அவர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கட்டிய பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தார்கள்.

பணம் கேட்கும் மாதத்தையும் விசாரியுங்கள். ஜூனில் 1,000 ரூபாயை மொத்தமாகக் கேட்டால் யார் தருவார்? மழையில் வெட்டு இல்லை, பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். குழுக் கூட்டத்தில் வாரம் 20 ரூபாய் என்று வாங்கினால் ஆண்டு முடிவில் 1,040 சேர்ந்துவிடும். கை கடிக்காது.

இனி அட்டை. அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். பெரிய செலவை அதுவே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் படுக்காமல் மருந்து வாங்கி வரும் செலவு, ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ கூலி, துணைக்கு நிற்பவர் இழக்கும் சம்பளம் ஆகியவற்றை அது தராது. வட்டிக்கு வாங்க வைப்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைதான். நிதியை இதற்கென்று ஒதுக்கி, வீட்டுக்கு 3,000 ரூபாய் என்று வரம்பு வையுங்கள். 46 வீடுகளுக்குக் கொடுக்கலாம். அப்படி மாற்றினால் தயங்காமல் சேருங்கள். 25,000-இலேயே பிடிவாதமாக நின்றால் வேண்டாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த நிறுவனம் அல்லாத யாரும் காப்பீடு விற்க முடியாது. எனவே இதை ‘உதவி நிதி’ என்றே எழுதி, பணத்தை இரண்டு பேர் கையெழுத்தில் வங்கியில் போடுங்கள். தகராறு வந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக வழியில்லை. ஒவ்வொரு மாதமும் வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்வதுதான் உங்களுக்குள்ள ஒரே பிடி.

கேள்வி: தேங்காய்ப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் சொல்ல வேண்டாம் என்கிறார் முகவர். கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். க்ளெய்ம் போடும் நாளில் அவர் போனை எடுக்கமாட்டார்! உள்ள நோயைச் சொல்லிவிட்டால், அதற்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) இன்றைய விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். மறைத்தது பின்னால் தெரிந்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். முகவர் ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டாரா? பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்ப நகலைப் படித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது.